பொய்யா எழினி, கல்லா எழினி, அப்புறம் நான்

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். "டேய் எழில், பையனா பொறந்தா உன் பேரையே வச்சிடலாம்னு இருக்கோம், என்ன சொல்ற?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாற்பது வருடமாக இந்தப் பெயரோடு வாழ்கிறேன், ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. "எழில் இல்லடா, எழினி" என்று மட்டும் சொன்னேன். "அதான், ரெண்டும் ஒண்ணுதானே" என்றான். ஒன்று இல்லை. அவனுக்கு வாட்ஸப்பில் அடிக்க ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. எழினி என்று பையனுக்குப் பெயர் வைத்தால் அவனைப் பாதி வாழ்க்கை பெண் என்று நினைப்பார்கள். கூரியர்காரர் போன் செய்து "எழினி மேடம் இருக்காங்களா?" என்பார், "நான்தாங்க" என்றால் ஒரு நொடி அமைதி. ஆறாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் வருகைப் பதிவேட்டில் என்னைப் பெண்கள் பட்டியலில் எழுதிவிட்டார். அடித்துத் திருத்த வேண்டாம், பதிவேடு அசிங்கமாகிவிடும் என்று அந்த வருடம் முழுக்க அப்படியே விட்டுவிட்டார். தினமும் பையன்கள் எல்லாம் முடிந்து, பெண்களில் ஏழாவதாக "உள்ளேன் ஐயா" சொன்னவன் நான்.

எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணப் பத்திரிகை. என் மனைவி பெயர் அருள்மொழி. ராசராச சோழனின் இயற்பெயர்தான், இப்போது பெண்களுக்கும் நிறைய வைக்கிறார்கள். பத்திரிகை அச்சடிக்கிறவரிடம் எங்கள் இரண்டு பேர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புரூஃப் வந்தது. "திருவளர்ச்செல்வன் அருள்மொழி", கீழே "திருநிறைச்செல்வி எழினி". அதோடு நிற்கவில்லை, என் அப்பா அம்மா பெயரைப் பெண் வீட்டார் பக்கமும் மாமனார் மாமியார் பெயரை மாப்பிள்ளை வீட்டார் பக்கமும் போட்டு, எல்லாம் கச்சிதமாக மாற்றி வைத்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எங்கேயோ தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாம் சரிசெய்து உதவலாம் என்று நினைத்திருக்கிறார் மனிதர். அந்தப் புரூஃபை அருள்மொழி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள், சண்டை வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவாள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இகரத்தில் முடிவது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவல்ல. மூர்த்தி, பழனி, மணி, முரளி, கணபதி எல்லாம் இகரத்தில்தான் முடிகின்றன, யாரும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. சிக்கல் அந்த "இனி"யில் இருக்கிறது. நந்தினி, மாலினி, பத்மினி, மோகினி என்று வடமொழிப் பெண்பால் விகுதியோடு வந்த பெயர்களைக் கேட்டுக் கேட்டு நம் காது பழகிவிட்டது. அப்புறம் அதே அச்சில் யாழினி வந்தாள், அவளுக்குப் பின்னால் வரிசையாக எத்தனையோ இனிகள். தமிழிலும் பாடினி என்று பெண்பால் சொல் பழையதுதான், காக்கைபாடினியார் என்று பெண் புலவரே இருந்திருக்கிறார். ஆகவே காதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழினியில் இருப்பது அந்த விகுதி இல்லை, சங்கப் பாடல்களில் இந்தப் பெயரோடு வருகிறவர்கள் வேலும் யானையும் வைத்திருக்கிற ஆண்கள்.

பெயர் வைக்க உதவும் இணையதளங்களில் தேடினால் பெரும்பாலும் பெண் குழந்தைப் பகுதியில்தான் கிடைக்கும், பொருள் "அழகானவள்" என்று போட்டிருப்பார்கள். எழிலையும் எழினியையும் குழப்பிக்கொண்ட யாரோ ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பிரதி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அகராதியில் எழினி என்றால் திரைச்சீலை. ஆமாம், கர்ட்டன். எட்டாம் வகுப்பில் இது வெளியே தெரிந்து, மூன்று வருடம் எனக்கு ஸ்கிரீன் என்று பட்டப்பெயர்.

ஆனால் திரை என்றால் சாதாரணத் திரை இல்லை, கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் மேடைக்கு மூன்று வகை எழினி சொல்கிறார்கள்: ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைக்கும் நாடக மேடையில் இந்த மூன்றுதானே இருக்கிறது? முல்லைப்பாட்டில் போர்ப்பாசறை வருகிறது. அங்கே யவனர்கள் அமைத்துக் கொடுத்த அரசனின் கூடாரத்தில் வலுவான கயிற்றில் எழினியை இழுத்துக் கட்டி உள்ளே இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறார்கள், "திண் ஞாண் எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி" என்று.

சரி, ஒரு குறுநில மன்னனுக்குப் போய் யாராவது திரைச்சீலை என்று பெயர் வைப்பார்களா? எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டுக்கும் வேர் "எழு" என்பதுதான் என் கணிப்பு. மேலே எழுவதால் திரைக்கு அந்தப் பெயர், எழுந்து நிற்கிறவன் என்பதால் ஆளுக்கு அந்தப் பெயர். பழந்தமிழில் எழு என்றாலே கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் கணைய மரம், வீரர்களின் தோளுக்கு அதை உவமையாகச் சொல்வார்கள். யாராவது அர்த்தம் கேட்டால் நான் இந்த வழியில்தான் சொல்லுவேன். என் பெயர், என் சௌகரியம்.

அந்த ஆட்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். எழினி என்பது தகடூரை ஆண்ட அதியமான்களின் குடும்பப் பெயர் மாதிரி. தகடூர்தான் இன்றைய தருமபுரி, எங்கள் ஊர்ப்பக்கம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியை எல்லோருக்கும் தெரியும். 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் அவன் பெயரோடு தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டே கிடைத்தது. அவன் மகன் பொகுட்டெழினி. பொகுட்டு என்றால் தாமரையின் நடுவில் இருக்கிற கொட்டை. இந்த வம்சத்தில் எழினி என்று திரும்பத் திரும்ப வருவதால், எந்தப் பாட்டு எந்த எழினியைச் சொல்கிறது என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நாட்டில் அப்படித்தான் இருக்கும், பேரன் என்ற சொல்லே "பெயரன்" என்பதிலிருந்து வந்ததுதானே.

அஞ்சிக்கு மகன் பிறந்த அன்று நடந்ததை ஔவை ஒரு பாட்டில் சொல்கிறார், புறநானூற்றில் 100-ஆவது. போர்க்களத்திலிருந்து நேராக வருகிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் இன்னும் ஆறாத பச்சைப் புண். பகைவரை முறைத்த கண் அப்படியே சிவந்திருக்கிறது, தன் சின்ன மகனைப் பார்க்கும்போதும் அந்தச் சிவப்பு ஆறவில்லை என்கிறார். "சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே." என் மகள் பிறந்த அன்று நைட் ஷிப்ட் முடித்து, தூக்கம் இல்லாமல் செக்கச் செவேல் என்ற கண்ணோடு ஆஸ்பத்திரியில் போய் நின்றேன், நர்ஸ் "கண் வலியா? குழந்தை கிட்ட போகாதீங்க" என்று துரத்திவிட்டார். ஔவை அங்கே இல்லாமல் போய்விட்டார்.

நல்ல எழினி ஒருவன் இருக்கிறான், தகடூர்ப் போரில் செத்தவன். அரிசில் கிழார் அவனைப் "பொய்யா எழினி" என்கிறார். அவன் ஆண்டபோது கன்றோடு மாடுகள் காட்டிலேயே பயமில்லாமல் தங்கும், வழிப்போக்கர்கள் வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்வார்கள், களத்து நெல் குவியலுக்குக் காவல் கிடையாது. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோன எமனைப் பார்த்துத் திட்டுகிறார் புலவர்: நொடித்துப்போன உழவன் விதை நெல்லைத் தின்ற மாதிரி செய்துவிட்டாயே, இவன் ஒருவனை விட்டுவைத்திருந்தால் இவன் களத்தில் கொன்று தரும் பகைவர் உயிரையெல்லாம் வயிறார உண்டிருப்பாயே என்று. எமனுக்கே லாப நஷ்டக் கணக்குச் சொல்கிறார் பாருங்கள். தகடூரை அழித்த சேரன், பெருஞ்சேரல் இரும்பொறை. அவனைப் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து முழுக்கப் பாடியவரும் இதே அரிசில் கிழார்தான். ஜெயித்தவனையும் பாடி, தோற்றவனுக்காக எமனோடும் சண்டை போட்டிருக்கிறார். எந்த ஊரில் எந்தக் காலத்தில் இதைச் செய்ய முடியும்?

நல்லவனை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் பொய்யும் எழினி. அகநானூறு 211-இல் இன்னொருவன் வருகிறான், மாமூலனார் பாடியது. யானை பிடிக்கிற வேலைக்கு இவன் வராமல் இருந்துவிட்டான். வேந்தனுக்குக் கோபம். மத்தி என்பவனை ஏவுகிறான். அவன் நெடுந்தொலைவில் இருந்த இந்த எழினியைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, வெண்மணி என்ற ஊர்க் கோட்டைக் கதவில் பதித்து வைத்துவிட்டான். பாட்டில் இவனுக்குக் "கல்லா எழினி" என்று பெயர். ஒரு நாள் வேலைக்கு வராததற்குப் பல் போய்விட்டது, போதாக்குறைக்குப் படிக்காதவன் என்ற பட்டம் வேறு இரண்டாயிரம் வருடமாக. பல் டாக்டர் நாற்காலியில் சாயும்போதெல்லாம் எனக்கு இவன் ஞாபகம்தான் வரும். கடைவாய்ப் பல் எடுத்தபோது, "பல்லை என்ன பண்ணுவீங்க?" என்று நான் கேட்டதற்கு அந்த டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

இவர்கள் தவிர, தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரே களத்தில் தோற்கடித்த ஏழு பேரில் ஓர் எழினியும் உண்டு, அகநானூறு 36 சொல்கிறது. மொத்தத்தில் எழினிகளுக்குப் போர் ராசி சுமார்தான்.

சங்க காலத்தோடு பெயர் செத்துப்போய்விடவும் இல்லை. போளூர் பக்கத்தில் திருமலை என்று சமணக் குன்று ஒன்று இருக்கிறது. அங்கே விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் வம்சத்தவன் ஒருவன், சுமார் 800 வருடத்துக்கு முன்னால், தன் முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன் இயக்கி (யட்சன், யட்சி) சிலைகள் சிதைந்து கிடந்ததைப் புதுப்பித்துக் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். அந்தக் குடும்பம் அத்தனை நூற்றாண்டு கழித்தும் பெயரை மறக்கவில்லை. அதற்கப்புறம்தான் நீண்ட அமைதி.

எவ்வளவு பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்றும் நண்பன் கேட்டான். அமெரிக்காவில் ஐந்து குழந்தைக்கு வைத்தாலே ஆண்டுப் பட்டியலில் அந்தப் பெயர் வந்துவிடும். நமக்கு அப்படி வெளியிடுகிற பட்டியல் இல்லை, அதனால் என் கண்ணில் பட்டதைத்தான் சொல்ல முடியும்: பெண் எழினிகள் மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன், மூன்றுமே பள்ளி வயது. ஆண் எழினி, கண்ணாடியில் ஒருவர். போன நூற்றாண்டில் தனித்தமிழ்ப் பெயர் அலை அடித்ததே, நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார், வீட்டுக்கு வீடு செழியன், மாறன், இளங்கோ என்று. அந்த அலையில் கரையேறியவை பெரும்பாலும் "அன்" விகுதிப் பெயர்கள். கடையெழு வள்ளல்களில் பாரி, காரி, ஓரி, நள்ளி என்று நான்கு பேர் இகரத்தில் முடிகிறார்கள். பாரி மட்டும்தான் இன்று தெருவில் கிடைக்கிறான். நள்ளி என்று யாரையாவது கூப்பிட்டிருக்கிறீர்களா? எழினியைப் பெண் பிள்ளைகள் எடுத்துக்கொண்டதில் எனக்கு உண்மையில் வருத்தம் கிடையாது. காணாமல் போவதற்கு எவ்வளவோ மேல்.

இங்கிலீஷில் எழுதுவது தனிக் கதை. ழகரத்துக்கு இசட் எச் போட்டால் வடக்கே எசினி, எஜினி. எல் போட்டால் எலினி, அது கிரேக்கப் பெண்ணின் பெயர். எதைப் போட்டாலும் ஒன்றையே போடு என்பேன். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று, பான் கார்டில் ஒன்று இருந்து, இரண்டையும் ஒன்றாக்க நான் அலைந்த அலைச்சல் கல்லா எழினியின் பல்வலிக்குக் குறைந்ததல்ல. பிறப்புப் பதிவு செய்த ஒரு வருடத்துக்குள் குழந்தையின் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருடம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு. எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

எனக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா புலவர் இல்லை, லாரி டிரைவர். படித்தது எட்டு வரைக்கும். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிக்கொண்டு தருமபுரி வழியாக ஓசூர், பெங்களூர் என்று ஓட்டியவர். எட்டாம் வகுப்பில் அவருடைய தமிழய்யா நடத்திய ஒரே ஒரு பாட்டு அவர் மண்டையில் தங்கியிருந்தது, ஔவை பொகுட்டெழினியைப் பாடியது.

"எருதே இளைய நுகம் உணராவே" என்று ஆரம்பிக்கும். மாடுகள் சின்னது, நுகம் பழகாதது. வண்டியிலோ பாரம் ஏகப்பட்டது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகர்கள், அந்த உமணர்கள், வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சேம அச்சு. நீ அந்தச் சேம அச்சு மாதிரி என்கிறார் எழினியைப் பார்த்து. மன்னனைப் புலி என்றும் சிங்கம் என்றும்தான் பாடுவார்கள், வண்டிக்கு அடியில் புழுதியில் கிடக்கிற ஒரு மரக்கட்டை என்று யார் பாடுவார்? அப்பாவுக்கு இது புரிந்த மாதிரி எந்தப் பேராசிரியருக்கும் புரிந்திருக்காது. தொப்பூர்க் கணவாயில் லோடோடு இறங்குகிறவனுக்கு "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்பதற்கு உரை வேண்டாம். "ஸ்டெப்னிடா அது, ஸ்டெப்னியைப் பத்திப் பாடியிருக்கா அந்தம்மா" என்பார்.

நான் பிறந்ததும் லாரியின் முன் கண்ணாடிக்கு மேலே என் பெயரை எழுதச் சொன்னார். பெயிண்டர் மஞ்சளில் பெரிதாக எழினி என்று எழுதி, சும்மா இருக்காமல் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பாப்பா படமும் வரைந்துவிட்டார். அழிக்கக் காசு கேட்டாராம், அப்பா விட்டுவிட்டார். அப்புறம் ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும், ஒவ்வொரு டீக்கடையிலும் அதே கேள்வி. ஆரம்பத்தில் ஔவை, அதியமான், சேம அச்சு என்று முழுக்கதையும் சொல்லியிருக்கிறார், கூட வந்த கிளீனர் அண்ணனுக்கே பாட்டு மனப்பாடம் ஆகிற அளவுக்கு. நான் லீவில் லாரியில் போன ஒரு தடவை, விடியற்காலை நாலு மணி, நான் பின்பக்கச் சீட்டில் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ கேட்டார்கள், "என்னண்ணே, பொண்ணு பேரா?" அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "ஆமாப்பா, பொண்ணுதான். நல்லாப் படிக்குது" என்றார்.